மாமன் முகமும் கூட்டுக் கிணறும்

அத்தியாயம் 17

பிச்சைமணி வீட்டுக்கு இணையம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு மூன்று பத்தி. தெரிந்தவர்கள் அதற்குள் காப்பியை ஆற்றி வையுங்கள்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் பிச்சைமணி. பந்தலுக்குக் கீழே குனிந்தே காலம் தள்ளுவதைவிடக் கத்தாருக்குப் போய் நிமிர்ந்து நிற்கலாம் என்று மகன் பாண்டீஸ்வரன் கிளம்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிளம்பிய அன்று வாசலில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு கிடையாது. அம்மா ஜக்கம்மாவோடும் தங்கை வேல்விழியோடும் மட்டும் பேசுவான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், "மார்க்கெட் நிலவரம் பார்க்கணும்" என்று சொல்லி பிச்சைமணி வீட்டில் கம்ப்யூட்டரும் இணையமும் வந்து இறங்கின. திராட்சை விலையைக் கமிஷன் கடைக்காரர் தினமும் காலையில் போனிலேயே சொல்லிவிடுகிறார். ஜக்கம்மா மகனோடு பேசும்போதெல்லாம் கேமராவின் கண்ணில் படாத ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்து, அதற்கு மேலாக மகனைப் பார்ப்பதற்குத்தான் அந்த வீட்டில் மார்க்கெட் நிலவரம் என்று பெயர்.

போன வாரம் வந்தது சோதனை. வேல்விழியின் மகள் திரிஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். மாமனுக்கோ லீவு கிடைக்கவில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சம்பந்தி குருசாமி, முறைக்கு மாமனான சுருளியாண்டியை உட்கார வைத்துவிடலாம் என்றார். வேல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த அண்ணன் இருக்கும்போது ஒன்றுவிட்ட அண்ணன் மடியா? நாளைக்கு நாலு பேர் சொல்லிக்காட்ட மாட்டார்களா?

மகளின் கண்ணைப் பார்த்ததும் பிச்சைமணிக்கு எங்கிருந்தோ வந்தது வீரம்.

"சம்பந்தி, ரெண்டு எம்.பி. வேகத்துல லைன் வாங்கியிருக்கேன். சுருளிப்பட்டியிலே எவன் வீட்டுலயும் இல்லை. மாமன் எங்கேயும் போகலை. எங்க வீட்டு ஹால்லதான் உட்காந்திருப்பான், வந்து பாருங்க."

போடியில் நடக்க வேண்டிய விசேஷம், கம்ப்யூட்டர் இருக்கும் இடம் தேடிச் சுருளிப்பட்டிக்கு வந்தது அப்படித்தான். குருசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாமன் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். தனக்குப் பதிலாக இன்னார் மடியில் வையுங்கள் என்று மாமனே வாய் திறந்து சொல்ல வேண்டும். வெறும் போன் ஆகாது. போனில் யார் வேண்டுமானாலும் பேசலாம். எல்லாம் பத்தரைக்குள் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம்.

*

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷத்து வைகாசி வெள்ளி. ஹாலின் நடுவில் மனைப்பலகை. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலின் மேல் கம்ப்யூட்டர். அதன் தலையில் ஜக்கம்மா சரிகைத் துண்டால் தலைப்பாகை கட்டியிருந்தாள்.

"மாமன்னா தலைப்பா இல்லாமயா?" என்று கேட்டு, கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் வைத்துவிட்டாள். தலைப்பாகையின் நடுவில் கேமரா குஞ்சம் மாதிரி நின்றது.

சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் இணையக் கம்பெனியின் நோட்டீஸ். ஒரு சிறுத்தை பாய்ந்துகொண்டிருக்க, அதன் முதுகில் பெரிய எழுத்தில் '2 எம்.பி. வேகம்'. வந்தவர்களையெல்லாம் பிச்சைமணி முதலில் அந்தச் சிறுத்தையிடம் கூட்டிப்போய்க் காட்டினார். பிறகுதான் பந்திக்கு அனுப்பினார்.

எல்லோரும் கூடினார்கள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்தார். வேல்விழி பட்டனைத் தட்டினாள்.

பாண்டீஸ்வரனின் நெற்றி வந்தது. மூக்கு வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள் வந்தன. வாய் வரவே இல்லை. "அம்..." என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "...மா" என்றது. அப்புறம் நெற்றியும் போய்விட்டது.

குருசாமி தொண்டையைச் செருமினார். "ரெண்டு எம்.பி.ன்னு சொன்னீக, சம்பந்தி."

"வந்துரும். மாமன் வெக்கப்படுறான்" என்றார் பிச்சைமணி.

யாரும் சிரிக்கவில்லை. சுருளியாண்டி மட்டும் புது வேட்டியைத் தொடைமேல் நீவி விட்டுக்கொண்டார். பிச்சைமணிக்கு அந்தத் தொடையைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்திருந்தவன் ஜோயல். தேனி பஜாரில் கடை வைத்திருப்பவன். இந்த இணைப்பை விற்றவனும் அவன்தான். கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் விசேஷத்துக்கு வந்திருந்தான். இப்போது அந்தச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. பிச்சைமணியை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, வேகம் போட்டுப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு அரை எம்.பி.தான் வருது."

"நோட்டீஸ்ல ரெண்டுன்னு இருக்கே."

"அங்கன பாருங்க." ஜோயல் சிறுத்தையின் வாலுக்குக் கீழே விரலை வைத்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சொல் இருந்தது: 'வரை'. "ரெண்டு வரைக்கும் வரலாம்னு அர்த்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துல இருந்தா வரும். நம்ம வீடு தோட்டத்துக்குள்ள, கடைக்கோடி. கம்பி நீள நீள வேகம் செத்துப்போகும்."

பிச்சைமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எறும்பைப் பார்த்தார்.

"ஏன்டா ஜோயல், கம்பத்துல நின்னு 'தேனி வரை'ன்னு போர்டு போட்ட பஸ்ல ஏறுறேன். அவன் வீரபாண்டியிலயே இறக்கிவிட்டுட்டு, 'வரை'ன்னுதானே போட்டிருக்கோம்னு சொல்வானா?"

"சொல்ல மாட்டான்ணே."

"சொன்னா விட்டுருவோமா?"

"கம்பெனிக்காரக அப்படித்தான் போடுறாக. நானும் சிறுத்தையைப் பார்த்துத்தான் வித்தேன்." ஜோயல் குரலைத் தாழ்த்தினான். "அரை எம்.பி. முழுசா வந்தாக்கூட முகம் தெரிஞ்சிரும்ணே. அதுவும் வரலை. உங்க லைனை வேற யாரும் குடிக்கிறாகளா?"

பிச்சைமணிக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "பொன்னுராஜுக்கும் கருத்தக்கண்ணனுக்கும் குடுத்திருக்கேன். ரெண்டு பேரும் கூட்டுக் கிணத்துப் பங்குக்காரக. ரெண்டு எம்.பி. பெருகிக் கிடக்குதே, ஒரு வீட்டுக்கு எதுக்குன்னு நான்தான் கூப்பிட்டுக் குடுத்தேன். தென்னை மரத்துல வயரைக் கட்டிக் கொண்டுபோயிட்டாக."

ஜோயல் கண்ணை மூடித் திறந்தான். கோடை விடுமுறை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இந்நேரம் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் இருக்கும். அவன் ஸ்டூலுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டியிடம் குனிந்தான். அதிலிருந்துதான் அந்த இரண்டு வயர்களும் ஜன்னல் வழியாக வெளியே போயின.

"இதை ரெண்டையும் பிடுங்கினா முடிஞ்சது."

பிச்சைமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடு."

"அண்ணே, நேரமாகுது."

"குடுத்ததை நான் பிடுங்க மாட்டேன். குடிக்கிறவன்கிட்டச் சொல்லி, அவனா நிறுத்தணும்."

இந்த வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. கூட்டுக் கிணற்றில் நாலு பேருக்குப் பங்கு. நாலு பேருக்கும் முறை வைத்து மோட்டார் ஓடும். மோட்டாருக்குக் கரண்ட் விடும் பீஸ் கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் முறை. முறை முடிந்தால் கட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். போன வருஷக் கோடையில், பிஞ்சு வாடுகிறதே என்று பிச்சைமணி தன் முறையைத் தாண்டிக் கொஞ்சம் ஓட்டிவிட்டார். அடுத்த முறைக்காரர் சங்கிலி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, கேக்காம பிடுங்கினான்" என்று பிச்சைமணி டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். கம்பம் உழவர் சந்தை வரைக்கும் சொன்னார். அன்றிலிருந்து சங்கிலியோடும் பேச்சு இல்லை. இப்போது அதே வேலையைத் தானே செய்தால் அவ்வளவு டீக்கடைக்கும் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

வேல்விழி பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நீங்க ஒரு வருஷத்துல எத்தனை பேர்கிட்டப் பேச்சை நிறுத்துவீகளோ தெரியாது. எம்பிள்ளை காது பத்தரைக்குள்ள. அதை மட்டும் சொல்லுங்க."

"ஆத்தா, ரெண்டு பேரும் பந்தியிலதான் இருக்காக. ஒரு நிமிஷம்."

கருத்தக்கண்ணன் சொன்ன உடனே கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். பொன்னுராஜ் எழுந்திருக்கவில்லை. இலையில் இருந்த பொங்கலைக் கோடு கோடாகப் பிரித்தார்.

"அண்ணே, நான் பிடுங்கினா இன்னொரு வீட்டுலயும் நின்னுபோகும்."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுல இருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக் குடுத்தேன். கேட்டாரு. நாலாவது பங்குக்காரரு, எப்படி இல்லைங்கறது?"

பிச்சைமணிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மூன்று மாதமாகத் தன் இணையத்தைக் குடித்துக்கொண்டிருப்பது சங்கிலி.

பொன்னுராஜ் இலையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் வேணா அவருக்குத் தெரியாம பிடுங்கிரவா?"

"அதுக்கு நான் இங்கனயே பிடுங்கியிருப்பேனே" என்று சொல்லி, பிச்சைமணி செருப்பை மாட்டினார்.

*

சங்கிலி வாசலில் நின்று, எதிர்வீட்டு விசேஷத்தைப் பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. விசேஷ வீட்டுக்காரக வெத்தலை பாக்கு இல்லாம வந்திருக்கீக."

"அவசரத்துல வந்துட்டேன் மாப்ளே."

"சுருளிப்பட்டி பூராவும் பத்திரிகை வச்சீக. அப்பெல்லாம் அவசரம் இல்லையாக்கும்."

பிச்சைமணி விஷயத்துக்கு வந்தார். "நீ பார்க்குற லைன் என் வீட்டு லைன்."

சங்கிலியின் முகம் மாறியது. நடிப்பு இல்லை. "பொன்னுராஜ் லைன்னுதான் நெனச்சேன். உங்களுதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டு தொட்டிருக்க மாட்டேன். மூணு மாசமா இந்த ஆமை லைனை எவன் வித்தான்னு வேற பேசிக்கிட்டிருந்தேன்."

"ஆமைதான். சிறுத்தைன்னு ஒட்டி வச்சிருக்கேன்."

சங்கிலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிச்சைமணி சொல்லி முடித்தார்: பாண்டி முகம் தெரிய வேண்டும், பத்தரைக்கு ராகுகாலம், தொடையை நீவிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஓசியாக் கேக்குறீகளா, முறையாக் கேக்குறீகளா?"

"முறையாத்தான் கேக்குறேன்."

"அப்ப போன வருஷத்துப் பஞ்சாயத்து?"

"அதை நாளைக்குப் பேசுவோம் மாப்ளே."

"நாளைக்குப் பேசுவீகளா?"

"பேசுவேன்."

சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒரு வருஷமா இதுக்குத்தான் நின்னுக்கிட்டிருக்கேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏத்தா ஜாய்ஸி, அணைச்சுரு."

உள்ளே சங்கிலியின் மகளோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பள்ளித் தோழி ஜாய்ஸி பதில் சொன்னாள். "மாமா, படம் முக்கால்வாசி இறங்கிருச்சு."

"பாதியில நிக்கட்டும். பாண்டி முகத்தைவிடவா?"

*

பத்து மணி தாண்டியிருந்தது. குருசாமி கடிகாரத்தைப் பார்ப்பதை மறைக்கவில்லை. திரிஷா மடி எதுவும் வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து ஆசாரியின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு சலசலப்பு. முதலில் கருத்தக்கண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் பொன்னுராஜ். கடைசியாகத் துவைத்த சட்டையில் சங்கிலி. மூன்று பேர் கையிலும் அவரவர் வீட்டில் கழற்றிய வயரின் முனை. தென்னை மரத்திலிருந்து வயரை அவிழ்த்து இழுத்துக்கொண்டே வந்திருந்தார்கள். வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது என்ன சம்பந்தி சீரு?" என்று கேட்டார் குருசாமி.

"எங்க ஊர்ச் சீரு" என்றார் பிச்சைமணி. சொன்னபோது அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதானது.

சங்கிலி எழுந்துவந்து, பீஸ் கட்டையைக் கொடுக்கிற மாதிரியே தன் முனையை அவர் உள்ளங்கையில் வைத்தார். "முறை உங்களது, மாமா."

ஜோயல் பெட்டியைப் பார்த்தான். "அரை எம்.பி. முழுசா வருதுண்ணே. வீரபாண்டி வரைக்கும் பஸ் போகுது."

"போதும். மிச்சத்தை நடந்துக்கிறேன்."

வேல்விழி பட்டனைத் தட்டினாள். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. மீசை வந்தது. கத்தாரில் எங்கேயோ ஓர் அறையில், குளியல் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு பாண்டீஸ்வரன் உட்கார்ந்திருந்தான். ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஜக்கம்மா குலவை போட்டாள். கம்ப்யூட்டரின் தலைப்பாகைக்குக் கீழே மகனின் தலைப்பாகை. யாரோ ஒரு பையன் இரண்டையும் எண்ணிச் சிரித்தான்.

குருசாமி முன்னால் வந்தார். "மாப்பிள்ளை, சௌக்கியமா? நேரம் இல்லை. யார் மடியிலே வைக்க? உங்க வாயால சொல்லுங்க."

"எனக்குப் பதிலா..." என்றான் பாண்டீஸ்வரன். அதோடு நின்றான். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி உறைந்துபோனான்.

சுருளியாண்டி மனைப்பலகையைப் பார்த்தார். சங்கிலி தன் பக்கத்தில் இருந்த பொன்னுராஜின் வயரை இறுக்கிப் பிடித்தார், அது தானாக ஓடிப்போய்ச் செருகிக்கொள்ளும் என்பது போல. வேல்விழி கையைக் கூப்பவில்லை. கம்ப்யூட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எங்க அப்பா மடியிலே வைங்க."

ஹால் பிச்சைமணியைத் திரும்பிப் பார்த்தது. அவர் வழக்கமான ஓரத்தில், கேமராவின் கண்ணுக்கு வெளியே நின்றிருந்தார்.

"தாத்தா மடி எப்படி மாமன் மடி..." என்று சுருளியாண்டி ஆரம்பித்தார்.

குருசாமி கையை உயர்த்தினார். "மாமன் சொன்னா மாமன் சொன்னதுதான். சம்பந்தி, உட்காருங்க."

பிச்சைமணி மனைப்பலகையில் உட்கார்ந்தார். வேல்விழி திரிஷாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அப்பாவின் தோளில் அவள் கை ஒரு கணம் கூடுதலாக இருந்தது. படம் ஒரு வெட்டு வெட்டி உயிர்பெற்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பனும் மகனும் நேருக்கு நேர்.

எவ்வளவோ பேச நினைத்து வைத்திருந்த பிச்சைமணியின் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "படம் தெரியுதா?"

"தெரியுதுப்பா. இன்னைக்குத்தான் முழுசாத் தெரியுது. மூணு மாசமா உங்க கால் கட்டைவிரல் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. அம்மா பேசப் பேச அது ஆடிக்கிட்டே இருக்கும்."

ஜக்கம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிச்சைமணி குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். இத்தனை நாள் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த பயல். இப்போதும் ஆடிக்கொண்டிருந்தான்.

"தோட்டம் எப்படிப்பா?"

"கொத்து நல்லாப் பிடிச்சிருக்கு. வந்து பாரு."

ஆசாரி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஊசி இறங்கியது. திரிஷா ஊரைக் கூட்டினாள். மாமன் அனுப்பியிருந்த தங்கத் தோடு முதல் காதில் ஏறியது; பிறகு இரண்டாவது காதில். பத்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது. குருசாமியே கடிகாரத்தைப் பார்த்து, "அமோகம்" என்றார். எல்லோரும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். சர்க்கரையைக் கொண்டா, அந்தப் பொம்மையைக் காட்டு என்று ஒரே இரைச்சல்.

மகன் அழுகிறானா என்று பார்க்கத்தான் பிச்சைமணி திரும்பினார். படம் மறுபடியும் உறைந்திருந்தது.

பாண்டீஸ்வரன் அழுதுகொண்டுதான் இருந்தான், அசையாமல். ஆனால் பிச்சைமணி பார்த்தது அதை அல்ல. படத்தின் வலது ஓரத்தில், மகனின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தம்ளர். அதை வைத்துவிட்டுப் பின்வாங்கும் ஒரு கை. அந்தக் கையில் அடுக்கடுக்காகப் பச்சைக் கண்ணாடி வளையல்.

அறையில் ஆறு ஆம்பளைகள் சேர்ந்து இருக்கிறோம் என்றுதான் பாண்டீஸ்வரன் இரண்டு வருஷமாக அம்மாவிடம் சொல்லிவருகிறான்.

சிறுத்தை சொன்ன வேகத்தில் லைன் ஓடியிருந்தால் அந்தக் கை கண்ணில் படாமலே வந்து போயிருக்கும். அரை எம்.பி. அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் நிறுத்தி வைத்த மாதிரி.

பிச்சைமணி மெதுவாக வேல்விழியைப் பார்த்தார். அவளும் அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அப்பா பார்ப்பதைக் கண்டதும் குழந்தையின் காதைத் துடைக்க அவசரமாகக் குனிந்தாள்.

பிச்சைமணி கம்ப்யூட்டரின் தலைப்பாகைத் துண்டு நுனியை இழுத்துப் படத்தின் வலது ஓரத்தின் மேல் தொங்கவிட்டார். சம்பந்தி பார்க்கவில்லை. நல்லவேளை.

முன்வரிசையிலிருந்து சங்கிலி எட்டிப் பார்த்தார். "மாமா, விசேஷம்தான் முடிஞ்சிருச்சே. கொண்டுபோய்த் திருப்பிச் சொருகிரவா?"

பிச்சைமணி உள்ளங்கையில் இருந்த வயர் முனையை இறுக மூடிக்கொண்டார்.

"பொறு மாப்ளே. என் முறை இன்னும் முடியலை."